ஆள் குறைந்தால் உயிர் குறையும்

(கிளை அங்கத்தினர் பொதுக்கூட்டத்தில் சங்கச் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



சந்தாக் கணக்கையும் கிளையின் வேலைகளையும் காரியதரிசி சொல்லி முடித்தார். இனி ஆஸ்பத்திரித் தொழிலாளரின் வேலை நிறுத்தத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம். பால்மரம் வெட்டுகிற நமக்கு ஆஸ்பத்திரிக்காரர் வழக்கு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

தாதியரும் துப்புரவுத் தொழிலாளரும் வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் நம் அங்கத்தினரிலேயே சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "மரத்தை ஒரு நாள் வெட்டாமல் விட்டால் மரம் செத்துப் போகாது. நோயாளியை ஒரு நாள் பாராமல் விட்டால் செத்துப் போவானே! நோயாளியைப் போட்டுவிட்டு வெளியே வருவது தர்மமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளையைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். வயதான தாயை வார்டில் சேர்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் விழித்திருந்தவர்கள். அவர்கள் கேள்விக்கு நேரான பதில் சொல்ல வேண்டியது சங்கத்தின் கடமை. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

நமக்குத் தெரிந்த கணக்கு

முதலில் நமக்குத் தெரிந்த தொழிலிலிருந்து தொடங்குவோம்.

ஒரு ஆள் ஒரு காலையில் இத்தனை மரம் வெட்டலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு துரை கனவில் கண்டதல்ல. விடியற்காலையில் பால் ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். ஐந்நூறு மரம் வெட்டுகிறவரிடம் எழுநூறு மரத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அவர் சோம்பேறி ஆகிவிட மாட்டார், ஓடுவார். ஓடுகிற கை பட்டையை அளந்து சீவாது. கத்தி ஆழமாக இறங்கும். மரத்தில் காயம் படும். அந்தக் காயம் அன்றைக்குத் தெரியாது. பின்னால் பட்டை முண்டு முண்டாக வளர்ந்து நிற்கும்போதுதான் தெரியும். அப்போது மண்டோர் வந்து, "யார் வெட்டிய மரம் இது?" என்று கேட்பார். எழுநூறு மரம் கொடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்!

தோழர்களே, ஆஸ்பத்திரியின் கதையும் இதுதான். அங்கே மரத்துக்குப் பதில் மனிதன் படுத்திருக்கிறான். அது ஒன்றே வித்தியாசம்.

ஒரு தாதி நாலு நோயாளியைப் பார்க்கும்போது நாலு பேரின் முகமும் அவளுக்குத் தெரியும். மூச்சு மாறினால் தெரியும், உதடு வெளுத்தால் தெரியும். அதே தாதியிடம் எட்டுப் பேரைக் கொடுத்தால் அவளும் ஓடத்தான் செய்வாள். ஒரு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது மூன்றாவது கட்டிலில் மூச்சு மாறுவதை யார் காண்பது?

இது வெறும் பேச்சல்ல, எண்ணிப் பார்த்த கணக்கு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்தவர்களின் ஏடுகளைப் பேராசிரியர் லிண்டா எய்க்கனும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், ஆஸ்பத்திரியில் சேர்ந்த 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். நாலு பேரைப் பார்க்கும் இடத்தில் எட்டுப் பேரைப் பார்க்கச் சொன்னால் அந்த வாய்ப்பு 31 சதவீதம் கூடுகிறது. ஒவ்வொரு நோயாளி கூடும்போதும் தாதியர் உடலும் மனமும் ஓய்ந்து போவதும் கூடியது.

வேலை நிறுத்தம் இல்லாத சாதாரண நாளிலேயே ஆள் குறைவினால் மனிதர்கள் சாகிறார்கள் என்பதே இதன் பொருள். அந்தச் சாவுக்குச் சத்தம் இல்லை. பத்திரிகையில் வராது. "வியாதி முற்றிவிட்டது" என்று எழுதி ஏட்டை மூடிவிடுவார்கள். தாதியர் பதாகை பிடித்து நின்றால் மட்டும், "ஐயோ, நோயாளி!" என்று ஊரே கத்துகிறது. நோயாளிக்காக அழுகிறவர்கள் மற்ற நாட்களில் எங்கே போனார்கள் என்று நாம் கேட்கிறோம்.

தர்மம் என்று பெயர் வைத்த ஆஸ்பத்திரி

சரி, நோயாளிக்குக் கேடு வராமல் வேலை நிறுத்தம் செய்ய முடியுமா? முடியும் என்று ஜெர்மனி நாட்டின் தலைநகரான பெர்லினில் ஆஸ்பத்திரித் தொழிலாளர் செய்து காட்டினார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெர்லினில் ஷாரிட்டே என்று ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1710-இல் கொள்ளைநோய் வந்தால் நோயாளிகளைத் தனியே வைப்பதற்காகக் கட்டிய வீடு, பின்பு ஆஸ்பத்திரியாகி, இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஒன்றாக நிற்கிறது. ஏறத்தாழ 3,000 கட்டில்கள். ஷாரிட்டே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தர்மம், இரக்கம் என்று பொருள். முதலாளி யார் என்றால் தனிக் கம்பெனியல்ல, பெர்லின் மாநில அரசாங்கமே.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆள் குறைவானேன்? 2000-க்குப் பிறகு வந்த ஆண்டுகளில் ஜெர்மனியில் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும் முறை மாறியது. முன்பு நோயாளி படுத்திருக்கும் நாளைக் கணக்கிட்டுப் பணம் வந்தது. புது முறையில் இன்ன வியாதிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வந்தது. நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. நாள் சம்பளத்தை மாற்றி, இறக்கிய பாலின் எடைக்குக் கூலி என்று வைப்பது போன்றதுதான். அதன் பின் நிர்வாகத்துக்கு இரண்டே வழி. நோயாளியைச் சீக்கிரம் அனுப்பி அடுத்தவரைச் சேர்க்க வேண்டும். செலவைக் குறைக்க வேண்டும். செலவில் பெரியது சம்பளம். சம்பளத்தில் சுலபமாக வெட்டக் கூடியது தாதியர் எண்ணிக்கை.

தாதியர் பொறுத்தார்கள். ஒருவர் லீவு எடுத்தால் மற்றவர் இரண்டு பங்கு வேலை செய்தார்கள். ஓய்வு நாளில் வீட்டுக்குத் தொலைபேசி வந்தால், "நாம் போகாவிட்டால் நோயாளி என்ன ஆவான்?" என்று ஓடி வந்தார்கள். அவர்களுடைய இரக்கமே நிர்வாகத்துக்கு மூலதனமாகிவிட்டது! இரக்கத்துக்குத் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

கட்டிலைப் பூட்டிய போராட்டம்

அங்கே வெர்டி என்ற சேவைத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22-ஆம் தேதி ஷாரிட்டே தாதியர் அந்தச் சங்கத்தின் கீழ் கால வரையற்ற வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். சம்பளம் கூட்டு என்று கேட்கவில்லை. ஆள் கூட்டு என்றே கேட்டார்கள்! சாதாரண வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு தாதி. ஆபத்தான நிலையில் இருப்பவர்களைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளிக்கு ஒரு தாதி. இரவில் எந்த வார்டிலும் யாரும் தன்னந்தனியாக நிற்கக் கூடாது. இவையே கோரிக்கைகள்.

நோயாளிகளை என்ன செய்தார்கள்? இதைக் கவனமாகக் கேளுங்கள். இன்ன வார்டில், இத்தனை கட்டில்களில், இன்ன நாள் முதல் வேலை செய்யமாட்டோம் என்று சங்கம் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. அந்தக் கட்டில்களில் புது நோயாளியைச் சேர்க்காதே, ஏற்கெனவே இருப்பவர்களை மற்ற வார்டுக்கு மாற்று, ஒத்திவைக்கக் கூடிய அறுவைச் சிகிச்சையை ஒத்திவை என்று அவகாசம் கொடுத்தது. வார்டு காலியான பிறகு அந்த வார்டுத் தாதியர் வெளியே வந்தார்கள். அவசரச் சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்க ஆட்கள் நின்றார்கள். இவ்வாறு ஆயிரம் கட்டில்கள் வரை காலியாகின. ஏறக்குறைய 20 வார்டுகள் முழுவதும் மூடப்பட்டன.

இதில் உள்ள நுட்பத்தைப் பாருங்கள். பணம் வருவது நோயாளியின் கணக்கில். கட்டில் காலி என்றால் கல்லாப் பெட்டியும் காலி! நோயாளிக்கு அடி விழவில்லை. வரவு செலவுக்கு அடி விழுந்தது. அதுவரை, "நீங்கள் போனால் நோயாளி சாவான்" என்று தாதியரை மிரட்டிக்கொண்டிருந்த நிர்வாகத்திடம், "பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வழி செய்துவிட்டுத்தான் போகிறோம். இனி பொறுப்பு உங்களுடையது" என்று தாதியர் சொல்லிவிட்டார்கள்.

நிர்வாகம் நீதிமன்றத்துக்கு ஓடியது. எத்தனை ஆள் வேண்டும் என்று முடிவு செய்வது முதலாளியின் உரிமை. சங்கம் அதில் தலையிட முடியாது. ஆகவே வேலை நிறுத்தத்தைத் தடை செய்ய வேண்டும் என்று வாதாடியது. இந்த வாதத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? மரத்தின் எண்ணிக்கை நிர்வாகத்தின் விஷயம் என்று நம்மிடம் சொன்னது இதே குரல்தான். ஆனால் பெர்லின் தொழில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மேல் நீதிமன்றமும் ஏற்கவில்லை. தொழிலாளியின் உடல் நலத்தைப் பாதுகாப்பது கூட்டு ஒப்பந்தத்தில் பேசக் கூடிய விஷயம், அதற்காக வேலை நிறுத்தம் செய்யலாம் என்று தீர்ந்தது. முதலாளியின் சுதந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று ஆயிற்று.

இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. ஆள் குறைவு வேறு, பாதுகாப்பு வேறு என்று நினைக்கக் கூடாது. மூன்று பேர் சேர்ந்து புரட்ட வேண்டிய நோயாளியை ஒருத்தி தூக்கினால் அவள் முதுகு போகும். அவசரத்தில் ஊசி தன் விரலிலேயே குத்தினால் நோயாளியின் வியாதி அவள் இரத்தத்துக்கு வரும். புத்தி பேதலித்தவன் கையை ஓங்கும்போது இராத்திரி வார்டில் அவள் ஒருத்தியாக நின்றால் கூப்பிட ஆள் இருக்காது. ஆகவே ஆள் கணக்கே பாதுகாப்புக் கணக்கு. ஷாரிட்டே ஒப்பந்தத்துக்கு உடல்நலப் பாதுகாப்பு ஒப்பந்தம் என்றே பெயர் வைத்தார்கள்.

பல் இல்லாத ஒப்பந்தம்

பத்து நாளுக்குப் பின் நிர்வாகம் இறங்கி வந்தது. வேலை நிறுத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. நீண்ட பேச்சுக்குப் பிறகு 2016-ஆம் ஆண்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இத்தனை ஆள் என்று எழுத்தில் வந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். முடியவில்லை. எண்ணிக்கை ஏட்டில் இருந்தது; வார்டில் ஆள் இல்லை! ஏன்? ஒப்பந்தத்தை மீறினால் நிர்வாகத்துக்கு என்ன நஷ்டம் என்று அதில் அழுத்தமாக எழுதவில்லை. அது பல் இல்லாத ஒப்பந்தம். 2017-இல் மறுபடியும் வேலை நிறுத்தம் செய்ய வேண்டி வந்தது.

பின்பு கொரோனா நோய் வந்தது. உலகமே சன்னலில் நின்று தாதியருக்குக் கைதட்டியது. கைதட்டலால் வார்டுக்கு ஓர் ஆள்கூடக் கூடவில்லை. 2021-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி, உலகத் தாதியர் தினத்தன்று, ஷாரிட்டே தொழிலாளரும் பெர்லின் நகர ஆஸ்பத்திரிகளை நடத்தும் விவாண்டெஸ் நிறுவனத்தின் தொழிலாளரும் சேர்ந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துக்களோடு கோரிக்கையைக் கொடுத்தார்கள். 100 நாள் கெடு வைத்தார்கள்.

அந்த நூறு நாளையும் அவர்கள் வீணாக்கவில்லை. வார்டுக்கு வார்டு பேராளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரசவ வார்டில் எத்தனை பேர் வேண்டும், பிள்ளைகள் வார்டில் எத்தனை பேர் வேண்டும் என்று அந்த வார்டில் வேலை செய்கிறவர்களே உட்கார்ந்து கணக்கிட்டார்கள். அந்த ஜூலை மாதத்தில் ஓர் உதைபந்து மைதானத்தில் பேராளர்கள் கூடினார்கள். சங்கத் தலைவர்கள் அறையில் உட்கார்ந்து எழுதிய கோரிக்கை அல்ல அது. கட்டில் ஓரத்தில் நிற்பவர்கள் எழுதிய கோரிக்கை. பேச்சு நடந்தபோது தலைவர்கள் ஒரு வாக்குறுதிக்கு உடன்படலாமா என்று பேராளர்களைக் கேட்டே முடிவு செய்தார்கள்.

கெடு முடிந்தது. பதில் சரியில்லை. செப்டம்பர் 9-ஆம் தேதி வேலை நிறுத்தம் தொடங்கியது. இம்முறையும் முன்னறிவிப்பு, இம்முறையும் அவசரச் சிகிச்சைக்கு ஆள். ஒரு மாதம் நின்றார்கள். அக்டோபர் மாதத்தில் முதலில் ஷாரிட்டேயும், பிறகு விவாண்டெஸும் உடன்பாட்டுக்கு வந்தன.

இந்த ஒப்பந்தத்துக்குப் பல் முளைத்திருந்தது. ஷாரிட்டே உடன்பாட்டின்படி, எழுதிய எண்ணிக்கைக்குக் குறைந்த ஆளோடு ஒருவர் ஐந்து முறை வேலை செய்ய நேர்ந்தால், அவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு இத்தனை நாள் என்று உச்ச வரம்பு உண்டு. ஆனாலும் ஆளைக் குறைத்தால் நிர்வாகத்துக்கு மேலும் ஆள் குறையும்! மீறினால் வலிக்கும். வலித்தால்தான் முதலாளிக்கு ஞாபகம் இருக்கும். மூன்று ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட தாதியரைக் கூடுதலாகச் சேர்ப்பதாகவும் ஷாரிட்டே நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

அலுவலகத் தோழர்களே, இங்கே உங்களிடம் ஒரு வார்த்தை. அந்த ஒப்பந்தத்தின் உயிர் எங்கே இருக்கிறது? ஏட்டில் இருக்கிறது. எந்த நாளில், எந்த வார்டில், எத்தனை பேர் வேலைக்கு நின்றார்கள் என்ற கணக்கு இல்லாவிட்டால் அந்த ஒரு நாள் ஓய்வு கிடைக்காது. பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்று செக்ரோலில் எழுதுகிற கிராணியின் பேனாவுக்கு எவ்வளவு சக்தி என்று இப்போது தெரிகிறதா? நேர்மையாக எழுதிய ஏடு தொழிலாளிக்குச் சாட்சி.

துடைப்பம் பிடித்தவர்களும் நின்றார்கள்

அந்தப் போராட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. விவாண்டெஸ் நிறுவனம் துப்புரவு, சலவை, சமையல், நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் வேலை முதலியவற்றைத் துணைக் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. ஒரே கூரையின் கீழ் வேலை. சம்பளம் மட்டும் குறைவு. அவர்களும் 2021-இல் வேலை நிறுத்தம் செய்தார்கள். தாதியர் வழக்கு முடிந்த பிறகும் அவர்கள் வழக்கு முடியாமல் இழுத்தது. அக்டோபர் கடைசியில்தான் உடன்பாடு வந்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனாலும், தாதி ஒரு பக்கம், துடைப்பக்காரி ஒரு பக்கம் என்று அவர்கள் பிரிந்து நிற்கவில்லை. தரையில் இரத்தம் காயாமல் கிடந்தால் டாக்டரின் கத்தி எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன்?

பெர்லினைப் பார்த்து மறு வருஷம், 2022-இல், ஜெர்மனியின் மேற்கே ஆறு பல்கலைக்கழக ஆஸ்பத்திரித் தொழிலாளர் பதினொரு வாரம் நின்று இதே மாதிரி ஒப்பந்தம் பெற்றார்கள். சில நாடுகளில் இந்தக் கணக்கு சட்டமாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி 2004 முதல் அமலுக்குக் கொண்டு வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1986-இல் தாதியர் 50 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த வழியிலேயே நின்று பின்னர் நோயாளிக்கு இத்தனை தாதி என்ற கணக்கை ஒப்பந்தத்தில் பெற்றார்கள். 2015-இல் அது சட்டமாயிற்று. அந்த ஊர்களில் ஆஸ்பத்திரிகள் இடிந்து விழுந்துவிடவில்லை.

நம் நாட்டில்

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

ஒரு காலத்தில் பெரிய தோட்டங்களில் தோட்ட ஆஸ்பத்திரி இருந்தது. டிரசர் ஒருவர், ஆயா ஒருவர், ஒரு மருந்துப் பெட்டி. நானூறு குடும்பத்துக்கு அதுவே கதி. இராத்திரியில் பிரசவ வலி கண்டால் டிரசர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அவரும் மனிதர்தானே? ஒரே டிரசரை நம்பி வாழ்ந்த நமக்கு ஆள் குறைவு என்றால் என்ன என்று யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று நாம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே நம்மை எதிர்கொள்ளும் தாதியும், தரை துடைக்கும் அம்மாவும் பல இடங்களில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளே. தோட்டம் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்கள் எத்தனை பேர் இன்று ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையில் இருக்கிறார்கள்! அரசாங்க ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, சலவை வேலைகள் 1990-களின் பிற்பகுதியில் தனியார் கம்பெனிகளுக்குப் போய்விட்டன. சீருடை ஆஸ்பத்திரியில், சம்பளம் குத்தகைக்காரரிடம்.

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் தேதி ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியின் முன் அவர்கள் சங்கத்தார் மறியல் செய்தார்கள். தங்கள் சங்கத்தைக் குத்தகைக் கம்பெனி நசுக்கப் பார்க்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டை மீறினார்கள் என்று ஐந்து பேரைப் போலீசார் கைது செய்தார்கள். நோய்க் காலத்தில் வார்டைக் கழுவியவர்களுக்கு முன்னணி வீரர்கள் என்று பெயர். நியாயம் கேட்டு வாசலில் நின்றதும் பெயர் மாறிவிட்டது.

மறு வருஷம், 2021 ஜூலை 26-ஆம் தேதி, ஒப்பந்த டாக்டர்கள் பல ஆஸ்பத்திரிகளில் வெளிநடப்புச் செய்தார்கள். 2016-இன் கடைசியில் வந்த ஒப்பந்த முறையினால் நிரந்தர வேலை இல்லை, மேல்படிப்புக்கு வழி இல்லை என்பது அவர்கள் குறை. டாக்டர் நிலைக்காவிட்டால் அதுவும் ஆள் குறைவுதான். அவர்களும் தங்கள் நோயாளிகளைச் சக டாக்டர்களிடம் ஒப்படைத்துவிட்டே வெளியே வந்தார்கள். கட்டிலை அநாதையாக விட்டுவிட்டு வரவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் கையைக் கட்டியே வைத்திருக்கிறது. 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தில் பொதுச் சுகாதாரம் அத்தியாவசியச் சேவை. அந்தச் சேவையில் இருப்பவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலை நிறுத்தம் செய்ய முடியாது. அறிவிப்புக் கொடுத்தாலும் 21 நாளுக்குள் இறங்க முடியாது. நோயாளியைப் பாதுகாக்க முன்னறிவிப்பு வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். பெர்லின் தாதியரும் முன்னறிவிப்புக் கொடுத்தவர்களே. ஆனால் நாம் கேட்பது ஒன்று. வேலையை நிறுத்தினால் அத்தியாவசியம் என்கிறீர்கள். ஆள் போடும்போது அந்த அத்தியாவசியம் எங்கே போகிறது? அத்தியாவசியமான வேலைக்கு அத்தியாவசியமான ஆள் வேண்டாமா?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். நோயாளியை விட்டுவிட்டு வரலாமா? கூடாது. உயிருக்குப் போராடுகிறவனைக் கைவிட்டு வருவதை எந்தச் சங்கமும் ஆதரிக்காது. நாமும் ஆதரிக்க மாட்டோம். ஆனால் அறிவிப்புக் கொடுத்து, அவசரத்துக்கு ஆள் நிறுத்தி, மற்ற வேலையை நிறுத்துகிறவர்கள் நோயாளியை விட்டு வரவில்லை. நோயாளிக்காகவே வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் இன்னொரு தாதி அவர்கள் வீட்டுக்குப் போகமாட்டாள். நம் தாயின் கட்டிலுக்குத்தான் வருவாள்.

ஆகவே செயற்குழு உங்கள்முன் மூன்று காரியங்களை வைக்கிறது.

முதலாவது, ஆஸ்பத்திரித் தொழிலாளர் வாசலில் நிற்பதைக் கண்டால் ஏசாதீர்கள். நின்று கேளுங்கள்: "எத்தனை பேர் வேலை செய்ய வேண்டிய இடத்தில் எத்தனை பேர் செய்கிறீர்கள்?" பதிலைக் கேட்ட பிறகு உங்கள் மனசாட்சி சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, வார்டில் நமக்குக் காலதாமதமானால் எதிரே நிற்கும் தாதியின் மேல் பாயாதீர்கள். முண்டு விழுந்த மரத்துக்கு வெட்டியவரை மட்டும் குற்றம் சொல்வது எப்படி அநியாயமோ, அப்படியே இதுவும். புகாரை எழுதிக் கிளையில் கொடுங்கள். எந்த நாள், எந்த நேரம், வார்டில் எத்தனை தாதியர் இருந்தார்கள் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அலுவலகத் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கணக்கை உரிய இடத்தில் வைப்பது சங்கத்தின் பொறுப்பு.

மூன்றாவது, நம் சொந்த ஒப்பந்தம். அதில் மரக் கணக்கும் பாதுகாப்பும் எழுதியிருந்தால் மட்டும் போதாது. மீறினால் என்ன என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஷாரிட்டேத் தாதியர் பல் இல்லாத ஒப்பந்தத்தால் ஐந்து வருஷம் இழந்தார்கள். அவர்கள் பட்ட நஷ்டத்தில் நாம் பாடம் படிப்போம். அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் மரம் வெட்டுகிறவர்களே தங்கள் கணக்கைக் கொண்டு வர வேண்டும். தலைவர்கள் அதைச் சுமந்து செல்வார்கள்.

பால்மரத்துக்கு ஒரு காயம் பட்டால் பட்டை மறுபடி வளர ஆண்டுகள் ஆகும். மனிதனுக்கு இன்னொரு பட்டை வளராது. இதை மனத்தில் வைத்து, இந்த மூன்று காரியங்களையும் தீர்மானமாக நிறைவேற்றித் தரும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாக எழுந்து பேசலாம். பேசி முடித்தபின் கையைத் தூக்குங்கள், எண்ணுவோம்.

ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!